ஸ்பானிஷ் விருந்தாளிகள்கிட்ட சப்ஜங்க்டிவ் (வேண்டுகோள், ஆசை, சந்தேகம் சொல்ற வினை உருவம்) பேசின அனுபவம் இருக்கா?

முகப்புவீடு, கானாடுகாத்தான்:
செட்டிநாட்டு வீடுகளைச் சுத்திக் காட்டுற வேலை எனக்கு. மெக்சிகோ, ஸ்பெயின்லேர்ந்து வர்றவங்களுக்காகவே ஸ்பானிஷ் படிச்சேன். பாடங்கள்ல சப்ஜங்க்டிவ் ரொம்பப் பின்னாடிதான் வருது. நம்ம தொழிலுக்கு அது முதல் நாளே வேணும். ‘உள்ள வாங்க’ன்னு மரியாதையாச் சொல்ல ‘பாஸே’, ‘மாடி ஏறுங்க’ன்னா ‘சூபா’, தேக்குத் தூணைத் ‘தொடாதீங்க’ன்னா ‘நோ தோக்கே’. மூணும் அந்த உருவம்தான்.

‘நான்’ உருவத்துல கடைசி ‘ஓ’வை எடுத்துடுங்க. ‘ஆர்’னு முடியற வினைக்கு ‘ஏ’ சேருங்க; ‘ஏர்’, ‘ஈர்’னு முடியற வினைகளுக்கு ‘ஆ’. வரிசை இது: நான், நீ, அவர் (மரியாதையான ‘நீங்க’ளும் இதான்), நாம, பழகின நீங்கள்லாம், அவங்க (மரியாதையான ‘நீங்கள்லாம்’கூட இதான்). பேசுறதுக்கு: ஆப்லே, ஆப்லேஸ், ஆப்லே, அப்லேமோஸ், அப்லேய்ஸ், ஆப்லென். சாப்பிடறதுக்கு: கோமா, கோமாஸ், கோமா, கொமாமோஸ், கொமாய்ஸ், கோமன்.

பூக்கல், ஆத்தங்குடி:
எங்க பட்டறையில கண்ணாடி மேல கலர் ஊத்துறதைப் பார்க்க எல்லாரும் கிட்ட வந்துடுவாங்க. காயாத கல்லை மிதிச்சா அது வீண். அதனால ‘நோ பீஸென்’னு (மிதிக்காதீங்க) சொல்லிக்கிட்டே இருப்பேன். ஸ்பெயின்லேர்ந்து வந்த ஒரு அம்மா, “எங்க ஊர்ல பழகினவங்களுக்குள்ள ‘நோ பிஸேய்ஸ்’னுதான் சொல்லுவோம், எங்ககிட்ட அப்படியே பேசு”ன்னாங்க. அந்த அஞ்சாவது உருவம் பெரும்பாலும் ஸ்பெயின்லதான். மெக்சிகோகாரங்க கூட்டமா வந்தா ஆறாவதே போதும்.

கறிக்குழம்பு, காரைக்குடி:
மெஸ்ஸுல எங்க ஆச்சி உப்புக்கறி வச்சா முதல் கேள்வியே ‘பீக்கா?’ (காரமா?). ‘காரம்னு நினைக்கிறேன்’னு சொல்ல ‘க்ரேயோ கே பீக்கா’, அது சாதாரண உருவம். பால் பணியாரத்துக்கு ‘காரமா இருக்கும்னு தோணலை’ன்னு சொல்லணும்: ‘நோ க்ரேயோ கே பீக்கே’. நினைப்பை மறுத்த உடனே வினை மாறிடுது பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். எழுதும்போது மட்டும் ‘சி’யை எடுத்துட்டு ‘க்யூ, யூ’ போடணும், இல்லேன்னா ‘க’ சத்தமே போயிடும். அண்ணன் சொன்ன ‘தோக்கே’யும் அப்படித்தான்.

முகப்புவீடு:
அருமை தம்பி. இன்னொண்ணு சேர்த்துக்கங்க. எனக்குச் சாப்பிடணும்னா ‘கியேரோ கொமேர்’, அவ்வளவுதான். நீங்க சாப்பிடணும்னு நான் ஆசைப்பட்டா ‘கியேரோ கே கோமன்’. ஆசைப்படறவர் ஒருத்தர், செய்யறவர் வேற ஒருத்தர்னா சப்ஜங்க்டிவ்.

பூக்கல்:
‘முடிச்சதும் கூப்பிடுங்க’ன்னு சொல்றதுக்கும் அதுதானே அண்ணே?

முகப்புவீடு:
ஆமா, இனிமே நடக்கப்போறதுன்னா ‘குவாந்தோ தெர்மீனென்’. தினமும் நடக்கிற வழக்கத்தைச் சொன்னா ‘தெர்மீனன்’.