'அக்ளிமேஷன்' – பழக்கலா, இணக்கலா, நீர்த்திரிபா?

கையேட்டின் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். டிஸ்கஸ் மீன் வளர்ப்பைப் பற்றிய கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை மெய்ப்பு கைமாற வேண்டும். அமேசான் படுகையின் ஆறுகளில் பிடித்த மீனை வீட்டுத் தொட்டியில் நிலைகொள்ளச் செய்வதைச் சொல்லும் அதிகாரத்தில் 'அக்ளிமேஷன்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. முதலில் 'தகவமைப்பு' என்று எழுதிப் பிறகு அடித்துவிட்டேன். டிஸ்கஸ் குஞ்சுகள் தாய் தந்தையின் உடலில் ஊறும் கோழையைத் தின்று வளர்வதைத் தகவமைப்பு எனலாம். அது தலைமுறைகளின் வேலை. பையில் வந்த மீனைத் தொட்டிக்கு மாற்றும் வேலைக்கு அச்சொல் மிகை. வேறு சொல் தந்து உதவுங்கள்.

தமிழாசிரியர்:

அம்மா, சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. குறள் 452 நிலத்தின் இயல்பால் நீர் திரியும் என்கிறது. உங்கள் மீன் வாழும் அமேசானின் கிளையாறான ரியோ நேக்ரோவின் நீரும் அப்படித் திரிந்ததுதான்: காட்டின் இலைதழை மக்கி அதன் அமிலம் இறங்கியதால் தேயிலைச் சாறு போலக் கறுத்து, கரைந்த உப்பு ஏறத்தாழ இல்லாமல், பிஎச் (குறையக் குறைய அமிலம் மிகுவதைக் காட்டும் அளவு) 5 அளவிலோ அதற்கும் கீழோ நிற்கிறது. அந்த நீரிலிருந்து வேறு நீருக்கு மாறுவதை 'நீர்த்திரிபு' என்று சொல்லலாமே! 'திரி' என்ற வேரும் வளமானது. விளக்குத் திரி முறுக்கப்படுவது, திரிகை சுழல்வது, சொல் திரிந்தால் திரிசொல். திரிகடுகத்தில் வரும் திரி மட்டும் மூன்றைக் குறிப்பது, இக்குடும்பத்தில் சேராது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மீன் வளர்ப்பவர்:

ஐயா, பால் திரிந்தால் கீழே ஊற்றிவிடுவோம். 'நீர்த்திரிபு' என்று தலைப்பைப் பார்ப்பவர் தொட்டித் தண்ணீர் கெட்டுப்போனதைப் பற்றிய அதிகாரம் என்றுதான் நினைப்பார். மேலும், இங்கே மாறுவது நீரா, மீனா? புது ஊரில் உடம்புக்கு முடியாமல் போனால் 'தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை' என்கிறோம் அல்லவா, அந்தப் பேச்சிலிருந்து சொல்லை எடுங்கள்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துகிறோம். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். பிறகு மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக மீன் இருக்கும் வாளியில் இறக்குகிறோம். ஆனால் நெடும்பயணம் வந்த மீனுக்கு இந்தச் சொட்டு முறையே எமனாகலாம். மூடிய பையில் மீன் விட்ட மூச்சால் கரியமில வாயு சேர்ந்து நீர் அமிலமாகிறது. அதனால் கழிவிலிருந்து வந்த அம்மோனியா தீங்கு குறைந்த அம்மோனியமாகக் கிடக்கிறது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, அதே கழிவு நச்சு அம்மோனியாவாகிவிடுகிறது. அதற்குள் மீனை இரண்டு மணி நேரம் வைத்து 'மெதுவாகப் பழகட்டும்' என்பது இரக்கம் அன்று. ஆகவே, மெதுவாகச் செய்வதே நல்லது என்ற எண்ணத்தை ஊட்டும் சொல்லாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அகராதிப் பணியில் உள்ள உறுப்பினர்:

உழவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவார்கள். 'நீர்காட்டல்' என்றால் குறுகியது, எளியது, தூய தமிழ்.

மீன் வளர்ப்பவர்:

தண்ணீர் காட்டுவது என்றால் ஏய்ப்பது என்றும் பொருள் உண்டே. மீன் விற்பவர்களில் சிலருக்கு மட்டும் அச்சொல் பொருந்தும்.

விலங்கியல் விரிவுரையாளர்:

இலங்கைப் பாடநூல்களில் 'இசைவாக்கம்' நெடுங்காலமாக வழங்குகிறது. ஆனால் அங்கும் அது தகவமைப்பையே குறிப்பதால் முதல் சிக்கல் அப்படியே இருக்கிறது.

நாம் இரண்டு செயல்களை ஒரே சொல்லில் அடைக்கப் பார்க்கிறோம் என்பதே என் கருத்து. நன்னீர் மீனின் குருதியில் உப்பு மிகுதி, சுற்றியுள்ள நீரில் குறைவு. ஆகவே செவுள் வழியே நீர் உள்ளே புகுந்துகொண்டும் உப்பு வெளியே கசிந்துகொண்டும் இருக்கிறது. செவுளில் உள்ள உயிரணுக்கள் உப்பை மீண்டும் உள்ளிழுத்து அதை ஈடுசெய்கின்றன. புதிய நீருக்கேற்ப அவை தம்மைத் திருத்திக்கொள்ளப் பல நாள் பிடிக்கும். சொட்டுக் குழாயின் ஒரு மணி நேரத்தில் அது முடியாது. அப்போது நாம் தவிர்ப்பது திடீர் அதிர்ச்சியை மட்டுமே. வளர்ப்பவர் செய்வது ஒன்று, மீனின் உடலில் நிகழ்வது இன்னொன்று.

தமிழாசிரியர்:

அப்படியானால் ஆங்கிலத்துக்கு இல்லாத வசதி நமக்கு உண்டு. ஆகு–ஆக்கு, அடங்கு–அடக்கு போல, பழகு–பழக்கு என்றும் இணங்கு–இணக்கு என்றும் தன்வினையும் பிறவினையும் எழுத்தளவிலேயே பிரிகின்றன. மீன் இணங்குகிறது, வளர்ப்பவர் இணக்குகிறார். இவற்றுள் 'இணக்கல்' என்பதையே நான் ஏற்பேன். 'பழக்குதல்' யானைக்கும் குதிரைக்கும் உரியது. ஏவலுக்கு அடிபணியச் செய்வது. தவிரவும், நட்புக்குப் பழகுதல் வேண்டா என்று குறள் 785 சொல்கிறது.

மீன் வளர்ப்பவர்:

நட்புக்கு வேண்டாமலிருக்கலாம் ஐயா, டிஸ்கஸுக்கு வேண்டும். ஆற்றில் பிடித்த மீன் முதல் சில நாள் உடல் கறுத்து, துடுப்பை மடக்கிக்கொண்டு, தொட்டியின் மூலையில் சாய்ந்து நிற்கும். ஆற்றில் பாசியும் மக்கிய தழையும் சிறு பூச்சிகளும் தின்றதற்குக் குருணைத் தீனி உணவென்றே தெரியாது; புழுவைக் காட்டித்தான் வாய் திறக்க வைக்க வேண்டும். வெளிச்சத்தைக் குறைக்கிறோம், ஒளிய மரக்கட்டை வைக்கிறோம், ஆள் நடமாட்டத்துக்கு அஞ்சாமல் இருக்கச் செய்கிறோம். இது பழக்குதல் இல்லையென்றால் வேறு எது?

கூடவே இன்னொரு சொல்லும் வேண்டும். செவுள் புழுவும் குடல் ஒட்டுண்ணியும் இல்லாத ஆற்று மீன் அரிது. எச்சம் வெள்ளை நூலாகத் தொங்கினால் ஐயப்பட வேண்டும். அதனால் நான்கு முதல் ஆறு வாரம், அடியில் மணல் இல்லாத வேறு தொட்டியில் வைக்கிறோம். இதைத் 'தனிமைப்படுத்தல்' என்று மொழிபெயர்த்திருக்கிறீர்கள். படிப்பவர் ஒற்றை மீனைத் தனியே போட்டுவிடுவார்! டிஸ்கஸ் கூட்டமாக வாழும் மீன். ஒன்றாக வந்தவற்றை ஐந்தாறாகச் சேர்த்தே வைக்க வேண்டும்.

விலங்கியல் விரிவுரையாளர்:

'ஒதுக்கல்', 'ஒதுக்குத் தொட்டி' என்று எழுதுங்கள். ஒதுங்கு–ஒதுக்கு என்று தமிழாசிரியர் ஐயாவின் விதிக்கும் பொருந்துகிறது.

அகராதிப் பணியில் உள்ள உறுப்பினர்:

இவ்வளவு பேசிவிட்டு 'டிஸ்கஸ்' என்பதை அப்படியே விட்டுவிடுவதா? வட்டு எறிதல் நம் பள்ளிகளில் இருக்கும்போது 'வட்டுமீன்' ஏன் கூடாது?

மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, 1840இல் விலங்கியலாளர் ஹெக்கல் இட்ட இனப்பெயரிலேயே டிஸ்கஸ் இருக்கிறது. கடையிலும் அந்தப் பெயர்தான். அதை நான் தொடப்போவதில்லை.

நேரமாகிவிட்டதால் பெரும்பான்மையை எண்ணி முடிவெடுக்கிறேன். வளர்ப்பவர் செய்வது 'நீருக்குப் பழக்குதல்'. 'பழக்கல்' என்று சுருக்கினால் சிலர் பழம், கல் என்று பிரித்துப் படிப்பார்கள். மீனின் உடலில் நிகழ்வது 'இணங்கல்'. நோய்க்காக வைப்பது 'ஒதுக்கல்'. சொட்டு முறை சொட்டு முறையாகவே இருக்கும்.

தமிழாசிரியர்:

ஒரே வினைக்குப் பிறவினையைப் பழக்கு என்பதிலிருந்தும் தன்வினையை இணங்கு என்பதிலிருந்தும் எடுப்பது ஒரு காலில் செருப்பும் மறு காலில் கட்டையும் அணிவது போன்றது. என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள். 'இணக்கல்' என்பதே சரி. 'நீர்த்திரிபு' என்பதையும் நான் திரும்பப் பெறவில்லை.

மீன் வளர்ப்பவர்:

சொல் எதுவாயினும் சரி, மெய்ப்பில் ஒரு வரியைத் திருத்துங்கள் அம்மா. 'பழக்கிய பின் மீனை நீரோடு தொட்டியில் விடவும்' என்றிருக்கிறது. பயணக் கழிவும் ஒட்டுண்ணியும் அந்த நீரில்தான் இருக்கின்றன. 'மீனை மட்டும் எடுத்து ஒதுக்குத் தொட்டியில் விடவும். பையின் நீரைக் கொட்டிவிடவும்' என்று மாற்றிவிடுங்கள்.