பத்து மீட்டரை வைத்துக்கொண்டு போர்ட்மனை மட்டம் தட்டாதீர்கள்

காற்றுச்சுவர்:
டிராக்கில் ஒரு மணிநேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்ற மணிநேர சாதனை பற்றி, பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸின் திரியில் பழைய_இரும்பு எழுதியது இது: "கிறிஸ் போர்ட்மன் சைக்கிளால் ஜெயித்த ஆள். 1972 மாடல் சைக்கிளில் உட்கார வைத்தால் மெர்க்ஸை விட பத்தே மீட்டர்தான் கூட." அந்தத் திரியைப் பூட்டிவிட்டார்கள். பதில் சொல்லாமல் விட எனக்கு மனசில்லை.

மெர்க்ஸ் 1972 அக்டோபரில் மெக்சிகோ சிட்டியில் ஒரு மணிநேரத்தில் ஓட்டியது 49.431 கி.மீ. பிரிட்டன்காரர் போர்ட்மன் 2000 அக்டோபரில் மான்செஸ்டரில், மெர்க்ஸ் காலத்து மாதிரி சைக்கிளில் ஓட்டியது 49.441. வித்தியாசம் பத்து மீட்டர், சரி. ஆனால் மெக்சிகோ சிட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. அந்த வேகத்தில் சைக்கிள்காரர் செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு காற்றைத் தள்ளத்தான் போகிறது. மான்செஸ்டர் கிட்டத்தட்ட கடல்மட்டம். கெட்டியான காற்றில் ஓட்டி பத்து மீட்டர் முந்தியவரைப் பார்த்து "பத்தே மீட்டர்" என்றால் என்ன நியாயம்?

பழைய_இரும்பு:
வாங்க, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். காத்து மெலிஞ்சா ஆக்சிஜனும் குறையும்கிறதை வசதியா விட்டுட்டீங்க. மெர்க்ஸ் அந்த வருஷம் இத்தாலியைச் சுத்துற ஜிரோ ஜெயிச்சார், பிரான்ஸைச் சுத்துற டூர் ஜெயிச்சார், ஒருநாள் ரேஸான மிலான்-சான்ரெமோ, லியேஜ் ஜெயிச்சார், சீசன் முடிஞ்சு மெக்சிகோ போனார். உங்க ஆள் மாசக்கணக்கா அந்த ஒரு மணிநேரத்துக்கே தயாராகி வந்தார். அப்படி வந்தும் பத்து மீட்டர். 49 கி.மீ. வேகத்துல அது முக்கால் விநாடி.

காற்றுச்சுவர்:
ஆக்சிஜன் குறைவால் இழப்பது உண்டு, காற்று விலகுவதால் கிடைப்பது அதைவிட அதிகம். அதனால்தான் மெர்க்ஸும், 1984-ல் இத்தாலியர் மோசரும் அவ்வளவு தூரம் மெக்சிகோ போனார்கள்.

போர்ட்மனின் உடம்பையும் பாருங்கள். 1998-ல் அவருக்கு எலும்புத் தேய்மானம் என்று தெரிந்தது. ஹார்மோன் குறைவு. அதற்கான மருந்து தடைப் பட்டியலில் இருந்ததால் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு இரண்டு வருடம் ஓட்டி, இந்த ஒரு மணிநேரத்தோடு ஓய்வு பெற்றார். உச்சத்தில் இருந்த மெர்க்ஸையும் தேய்ந்துகொண்டிருந்த போர்ட்மனையும் ஒப்பிடுகிறீர்கள்.

உச்சத்தில் இருந்த போர்ட்மன் வேண்டுமா? 1996 செப்டம்பர், அதே மான்செஸ்டர், 56.375 கி.மீ.

வாஷிங்மெஷின்_பேரிங்:
அந்த 56.375 யாருடைய பொசிஷன்? கையை முன்னால் நீட்டி, முதுகைப் பலகை மாதிரி வைக்கும் சூப்பர்மேன் பொசிஷன் ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஒபிரீ கண்டுபிடித்தது. 1995-ல் பொகோட்டாவில் அதில்தான் உலக பர்ஸ்யூட் (டிராக்கின் எதிரெதிர்ப் பக்கத்தில் கிளம்பித் துரத்தும் போட்டி) பட்டம் வாங்கினார். அடுத்த வருடம் போர்ட்மன் அதை எடுத்துக்கொண்டார். 1993 ஜூலை 17-ல் நார்வேயின் ஹாமரில் ஒபிரீ ஒரு மணிநேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டினார். முந்தின நாள் முயற்சி செய்து தோற்று, ஒரே ராத்திரி இடைவெளியில், வாஷிங்மெஷின் பேரிங் போட்டுத் தானே கட்டிய சைக்கிளில். ஆறு நாளில் போர்ட்மன் போர்தோவில் 52.270 ஓட்டிவிட்டார் என்று கொண்டாடுகிறீர்கள். அவருக்குப் பின்னால் ஒரு படையே இருந்தது. ஒபிரீக்கு யார் இருந்தார்கள்?

காற்றுச்சுவர்:
ஒபிரீயை நான் எங்கே குறைத்துப் பேசினேன்? இந்தத் திரி பத்து மீட்டரைப் பற்றியது.

பழைய_இரும்பு:
அதானே, நீங்களே வந்துட்டீங்க. 56.375 எப்படி 49.441 ஆச்சு? கிட்டத்தட்ட 7 கி.மீ. எங்கே போச்சு? பொசிஷனையும், கம்பியில்லாத டிஸ்க் வீலையும், காத்தைக் கிழிக்கிற வால் வச்ச ஏரோ ஹெல்மெட்டையும் கழட்டினதும் போச்சு. அந்த 7 கி.மீ. சைக்கிளோடது. மிச்சம் பத்து மீட்டர்தான் ஆளோடது.

காற்றுச்சுவர்:
கணக்காகவே போடுவோம். 56.375-ஐ 49.441-ஆல் வகுத்தால் 1.14. காற்றுத்தடைக்குத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். 1.14 × 1.14 × 1.14 என்றால் 1.48. அதே சக்தியில் இந்த வேகம் வேண்டுமென்றால் காற்றுத்தடை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்க வேண்டும். பொசிஷன் நிறைய கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் நான்கு வருடத்தில் அவர் இழந்த சக்தியும் அந்த 7 கி.மீ.க்குள்தான் இருக்கிறது. அதை எந்தக் கணக்கில் வைத்தீர்கள்?

இன்னொன்று. அந்தப் பொசிஷன் சும்மா படுத்துக்கொள்வது இல்லை. தோள் விரிந்தால் காற்று நெஞ்சில் அடிக்கும், தலை தூக்கினால் ஹெல்மெட்டின் வால் முதுகை விட்டு எழும்பும். பெடல் சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும் ஃபிக்ஸட் வீல் என்பதால் ஒரு சுற்று கூட மிதிக்காமல் விட முடியாது. 250 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 15.96 விநாடி, அப்படி 225 சுற்று.

ஒற்றுப்பிழை:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். "போர்ட்மன்" தவறு. "போர்ட்மேன்" என்பதே சரி.

காற்றுச்சுவர்:
ஆங்கிலேயர் வாயில் "மன்" என்றுதான் வரும். போன மாதம் இண்டுரைன் திரியையும் இப்படித்தான் எழுத்துப்பிழைத் திரியாக்கினீர்கள்.

ஒற்றுப்பிழை:
இந்துரைன்.

பழைய_இரும்பு:
மும்மடின்னு சொன்னா பத்து மீட்டர் நூறாயிடாது சார்.

காற்றுச்சுவர்:
பத்து மீட்டர் ஒரு டிராக்கில் எவ்வளவு என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா? தூரத்தை அளப்பது உள்விளிம்புக்கு 20 செ.மீ. மேலே போட்ட கறுப்புக் கோட்டில். அதற்கு 10 செ.மீ. மேலே சக்கரம் ஓடினால் சுற்றுக்கு 63 செ.மீ. வீண். 197 சுற்றுக்கு 124 மீட்டர் போய்விடும். கோட்டுக்குக் கீழே இறங்கி ஏமாற்றவும் முடியாது, வளைவில் ஸ்பாஞ்சுத் துண்டுகள் வைத்திருப்பார்கள். களைத்த கழுத்தோடு கோட்டை விடாமல் பிடித்தவர் அவர். மெர்க்ஸோ முதல் 10 கி.மீ.யை 11 நிமிடம் 53 விநாடியில் பறந்துவிட்டு, பிறகு அதற்கு விலை கொடுத்தார். கடிகாரத்தோடு மட்டும் தனியாகப் போட்டி போடும் டைம் ட்ரையல்காரர் அப்படிச் செய்ய மாட்டார்.

பழைய_இரும்பு:
அப்படிப் பறந்ததுல 10, 20 கி.மீ. ரெக்கார்டையும் வழியிலேயே உடைச்சார். அதையும் சேர்த்து எழுதுங்க. டைம் ட்ரையல்காரர்னு பெருமைப்படுறீங்களே, மலை ஏறினா உங்க ஆள் எங்கே? டூர்ல அவரோட நல்ல முடிவே 1996-ல 39-வது இடம். மெர்க்ஸ் அஞ்சு டூர்.

காற்றுச்சுவர்:
டூருக்குத் தாவிவிட்டீர்களா? வாருங்கள். 1994 லீல், டூரைத் தொடங்கிவைக்கும் குட்டி டைம் ட்ரையலான 7.2 கி.மீ. ப்ரோலாக், சராசரி 55.152 கி.மீ. வேகம். ஓடிய முதல் டூரின் முதல் நாளே, முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி. டூர் டைம் ட்ரையலில் அந்த வேகத்தை 2015 உட்ரெக்டில் ரோகன் டென்னிஸ் வரும்வரை ஒருவரும் தாண்டவில்லை. 1997 ரூவான், 1998 டப்ளின் ப்ரோலாக்கும் அவருடையது. ஆண்களுக்கான டைம் ட்ரையல் உலகப் பட்டம் முதன்முதலாக 1994-ல் சிசிலியில் நடந்தபோது ஜெயித்தவரும் அவரே. 1996-ல் போட்ட 4 கி.மீ. பர்ஸ்யூட் நேரம் 4:11.114, அது 2011 வரை நின்றது.

வாஷிங்மெஷின்_பேரிங்:
4:11 எந்தப் பொசிஷனில்? ஒபிரீயின் பொசிஷனில். 1995 ப்ரோலாக்கையும் எழுதுங்கள். சான்-பிரியூவில் மழையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். ஈர ரோட்டில் எங்கே பிரேக் பிடிப்பது என்று தெரியாதவரை ரோடு ரேஸர் என்று எப்படிச் சொல்வது?

காற்றுச்சுவர்:
அன்று ரோடு அவ்வளவு மோசம். விநாடிக்காக ஓட்டும் ஆள் வளைவில் இழுத்துத்தான் ஓட்டுவார். பயந்து ஓட்டியிருந்தால் அதற்கும் நீங்கள் ஒன்று சொல்லியிருப்பீர்கள்.

மட்டுறுத்துநர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். எழுத்துக்கூட்டல் விவாதத்துக்குத் தனித் திரி இருக்கிறது.

பழைய_இரும்பு:
தாக்குதல் இல்லீங்க, ஒரே கேள்வி. ஒரே மாதிரி ஸ்போக் வீல், ஒரே மாதிரி வளைஞ்ச ஹேண்டில்பார். 28 வருஷம் கழிச்சு, ஸ்போர்ட்ஸ் சயின்ஸ் எல்லாம் வந்த பிறகு, கூரை போட்ட மர டிராக்குல ஓட்டி எவ்வளவு முன்னேற்றம்? பத்து மீட்டர்.

காற்றுச்சுவர்:
கடல்மட்டத்தில் பத்து மீட்டர். நூறு தடவை கேட்டாலும் இதே பதில்தான். 56.375-ஐ 2000-ல் சாதனைப் பட்டியலிலிருந்து எடுத்து வேறு பெயரில் தள்ளி வைத்தார்களே, அந்தத் தூரத்தைத் தாண்ட 2022 அக்டோபர் வரை ஆள் இல்லை. சுவிட்சர்லாந்தின் கிரென்ஷனில் இத்தாலியர் கானா 56.792 ஓட்டினார். 3டி பிரிண்டரில் செய்த சைக்கிள், கையை முன்னால் நீட்டிப் பிடிக்கும் ஏரோ பார், இவ்வளவும் இருந்தும் கூடுதல் 417 மீட்டர். சைக்கிள்தான் எல்லாம் என்றால் 26 வருடம் ஏன் ஆயிற்று?

பழைய_இரும்பு:
ஏன்னா அந்தப் பொசிஷனைத் தடை பண்ணிட்டாங்க. சைக்கிள்தான்னு நீங்களே நிரூபிச்சுட்டீங்க. பத்து மீட்டர்.

ஒற்றுப்பிழை:
கன்னா.

காற்றுச்சுவர்:
மெக்சிகோ காற்றடர்த்திக்கு 49.441-ஐ மாற்றினால் எத்தனை கி.மீ. வரும் என்று படிப்படியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ராத்திரிக்குள் இங்கேயே போடுகிறேன். திரியைப் பூட்டிவிடாதீர்கள்.