ஸ்டாண்டர்டு ஹெரால்டு: ஐந்து கியர் பாக்ஸும் நேர் ஆக்சிலும் போடலாமா? உதவி தேவை

கோவை ஹெரால்டு:
வணக்கம். அப்பா வைத்திருந்த 1970 ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு, 948 சிசி. ஆறு வருடம் ஷெட்டில் கிடந்ததைப் போன வருடம்தான் எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். இன்ஜின் நன்றாக இருக்கிறது. தொல்லை இரண்டு.

அவினாசி ரோட்டில் 80-ஐத் தொட்டால் இன்ஜின் கத்துகிறது. ஒன்று, இரண்டு, மூன்று கியர்களில் ஊளைச் சத்தம் வேறு; டாப்பில் போட்டால் அந்த ஊளை நின்றுவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறக்கினால் கடகடவென்று பல் அடிக்கிறது.

அடுத்தது பெரிய தொல்லை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது ஒரு வளைவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின்பக்கம் எம்பி, வெளியே இழுத்துக்கொண்டு போனது. நல்லவேளை, எதிரே பஸ் வரவில்லை. அன்றிலிருந்து வீட்டம்மா இந்த வண்டியில் ஏறுவதில்லை.

பட்டறையில் ஜிப்சி கிங் வண்டியின் ஐந்து கியர் பாக்ஸை ஏற்றி, பின்னால் ஸ்டாண்டர்டு கெஸல் காரில் இருப்பது மாதிரி நேர் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரே மடங்காத ஆக்சில்) வைத்து வெல்டு அடித்துவிடலாம் என்கிறார்கள். சொல்லும் தொகை இன்னொரு பழைய காரே வாங்கும் தொகை. செய்யலாமா?

லேத்துக்காரர்:
தம்பி, பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

பின் ஸ்பிரிங்கில் சமீபத்தில் யாராவது கை வைத்தார்களா?

சமதளத்தில் வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தி, டிரைவர் சீட்டில் ஒருவரை உட்கார வையுங்கள். பின் சக்கரத்தை ஒட்டித் தூக்குக் குண்டு தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நூலிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளங்கள். 13 அங்குல ரிம்மில் ஒரு டிகிரி சாய்வுக்குக் கிட்டத்தட்ட 6 மில்லி வித்தியாசம் வரும்.

அப்புறம் கிரவுன் பினியன் ரேஷியோ, அதாவது பின் சக்கரம் ஒரு சுற்று சுற்ற புரொபல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து பின்னால் போகும் தண்டு) எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு. முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அதை இரண்டு முழுச் சுற்று சுற்றும்போது புரொபல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். அந்த எண்தான் ரேஷியோ.

கோவை ஹெரால்டு:
பார்த்துவிட்டேன் அண்ணே. ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது. தூக்குக் குண்டில் ரிம்மின் கீழ் விளிம்பு மேல் விளிம்பை விட 18 மில்லி உள்ளே இருக்கிறது, இரண்டு பக்கமும் ஏறக்குறைய அதே அளவு. ஸ்பிரிங் விஷயம்: வண்டி பின்னால் உட்கார்ந்திருக்கிறது என்று போன தீபாவளிக்கு முன் பட்டை ஸ்பிரிங் கடையில் கொடுத்தேன். பட்டைகளைத் தட்டி வளைவு ஏற்றி, கூடுதலாக ஒரு பட்டையும் போட்டுக் கொடுத்தார்கள். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது!

பழைய ஸ்டாண்டர்டு ஆள்:
அந்தக் கம்பீரம்தான் உங்களைக் கவிழ்க்கப் பார்த்தது சார்.

அம்பாசடருக்குச் செய்வதை ஹெரால்டுக்குச் செய்யக் கூடாது. அம்பாசடரில் நேர் ஆக்சில், பக்கத்துக்கு ஒரு பட்டைக் கட்டு. கூடுதல் பட்டை போட்டால் பின்பக்கம் உயரும், சக்கரம் நேராகவே நிற்கும். ஹெரால்டில் டிஃபரன்ஷியல் (பின் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் பல் சக்கரப் பெட்டி) சேஸிஸோடு போல்ட் போட்டு நிற்கிறது, அதன் தலையில் குறுக்காக ஒரே பட்டைக் கட்டு. இரண்டு ஆக்சிலும் டிஃபரன்ஷியல் பக்கத்தில் இருக்கும் கிராஸில் (யுனிவர்சல் ஜாயின்ட்) மட்டும் மடங்கும், சக்கரத்துப் பக்கம் மடங்காது. பறவை இறக்கை அடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பு உயர்ந்தால் இறக்கை தாழும், சக்கரம் ஆக்சிலோடு சேர்ந்து சாய்ந்து, கீழ்ப்பாகம் உள்ளே மடிந்துவிடும்.

உங்கள் 18 மில்லி என்றால் மூன்று டிகிரி, அதுவும் தப்பான பக்கத்துக்கு. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் தரையைத் தள்ளும்போது அந்தச் சக்தி வண்டியை மேலே எம்ப வைக்கிறது. எம்ப எம்ப மடிப்பு கூடுகிறது, டயர் பிடிப்பு குறைகிறது. அந்த நேரம் பார்த்துக் காலை எடுத்தால் பின்பக்கப் பாரம் முன்னால் போய், மிச்சப் பிடிப்பும் போகிறது. இந்த வண்டியில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் லேசாக மிதித்தபடியே போக வேண்டும். அப்போது ஓட்டியவர்களுக்கு இது பழக்கம்.

இந்த ஆக்சில் மேல் வாங்குபவர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் நம்பிக்கை இல்லாததால்தான் 1972-ல் கெஸல் வந்தபோது கம்பெனியே நேர் ஆக்சிலுக்கு மாறியது. ஆனால் கம்பெனி செய்வதும், ஐம்பது வருடத் துரு ஏறிய சேஸிஸில் ஸ்பிரிங் பிடிப்புகளைப் பட்டறையில் வெல்டு அடிப்பதும் ஒன்றல்ல. முதலில் அந்தக் கூடுதல் பட்டையைக் கழற்றுங்கள்.

கவென்ட்ரி வாசி:
நான் இருப்பது இங்கிலாந்தில், உங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூல வண்டியான டிரையம்ஃப் ஹெரால்டு பிறந்த ஊரில், என்னிடமும் ஒன்று இருக்கிறது. பெரியவர் சொன்னது முழுக்கச் சரி. மேற்கொண்டு செய்ய விரும்பினால் இங்கே பலரும் போடுவது ஸ்விங் ஸ்பிரிங். 1970 கடைசியில் வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல் கம்பெனியே போட்டது. அதில் ஒரு பட்டை மட்டும் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும், மற்றவை நடுவில் ஊஞ்சல் மாதிரி ஆடும். வண்டி சாயும்போது பின் ஸ்பிரிங் எதிர்ப்பது குறைவதால் எம்புவதும் குறைகிறது. அந்தச் சாய்வை முன்பக்கம் தாங்க வேண்டும், அதனால் முன் ஆன்டி-ரோல் பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் கம்பி) பருமனாக வேண்டும். பாரை மாற்றாமல் ஸ்பிரிங்கை மட்டும் போட்டுவிட்டு வண்டி படகு மாதிரி ஆடுகிறது என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, ஸ்பிட்ஃபயர் இரண்டு சீட்டு வண்டி. அதன் ஸ்பிரிங்கை அப்படியே போட்டால் நாலு பேர் ஏறியதும் உட்கார்ந்துவிடும். ஹெரால்டு பாரத்துக்கென்று செய்ததைக் கேட்டு வாங்குங்கள்.

1968-ல் வந்த டிரையம்ஃப் வைடஸ் மார்க் 2, ஜிடி6 மார்க் 2 வண்டிகளின் ரப்பர் ஜாயின்ட் அமைப்பு இன்னும் நல்லது. ஆனால் 948 சிசிக்கு அது ஆனை கட்டித் தீனி போடும் கதை.

லேத்துக்காரர்:
கியர் பாக்ஸுக்கு வருகிறேன். ஊளைச் சத்தம் மூன்று கியரில் இருந்து டாப்பில் நிற்கிறது என்றால் லே ஷாஃப்ட் (பாக்ஸுக்குள் இருக்கும் துணைத் தண்டு) பக்கம் பாருங்கள். டாப் கியர் நேரடி ஓட்டம், லே ஷாஃப்ட் வழியாகப் பாரம் போகாது. அதன் ஊசி பேரிங்கும் ஷாஃப்டும் தேய்ந்திருக்கும். முதல் கியரில் பல் அடிப்பது கோளாறே இல்லை, அதற்குச் சின்க்ரோ (பற்கள் சேரும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) கிடையாது. நின்ற பிறகு போடுங்கள், அல்லது இரட்டைக் கிளட்ச் (நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்து, மறுபடி கிளட்ச் மிதித்துக் கியர் போடுவது) பழகுங்கள்.

80-ல் கத்துவது ரேஷியோவால். உங்களுடையது 4.875. 155/80 R13 டயரோடு 80 கிலோமீட்டரில் இன்ஜின் சுமார் 3,700 சுற்றில் ஓடும். ஹெரால்டு 1200-ன் 4.11 கிடைத்தால் 3,100-க்கு இறங்கும், ஆனால் எல்லாக் கியரும் சேர்ந்து நீளும். நாலு பேரோடு குன்னூர் ஏறினால் முதல் கியரிலேயே முனகும். ஐந்தாம் கியர் 0.8 பக்கம் இருந்தால் மேட்டுக்கு உள்ள கியர்கள் அப்படியே இருக்க, ரோட்டில் 3,000-க்கு வந்துவிடும். அந்த வகையில் ஐந்து கியர் யோசனை தப்பில்லை.

வேலைதான் கழுத்தை நெரிக்கும். அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடைந்துவிடலாம். ஆனால் கிராங்க் மையமும் கியர் பாக்ஸ் மையமும் ஒன்றாக நிற்பதை டயல் கேஜ் (நுண்ணிய விலகலை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்காமல் பூட்டினால் இன்புட் பேரிங் சீக்கிரம் போய்விடும். கிளட்ச் பிளேட்டின் ஸ்பிளைன், இன்புட் ஷாஃப்ட் நுனி உட்காரும் புஷ், ரிலீஸ் பேரிங், கியர் லீவர் வரும் இடம் எல்லாம் வேறாகும். புரொபல்லர் ஷாஃப்டை வெட்டிச் சேர்த்தால் பேலன்ஸ் செய்தே ஆக வேண்டும். உங்கள் பட்டறை இதில் எதைப் பற்றியாவது பேசியதா?

கவென்ட்ரி வாசி:
இங்கே ஃபோர்டு சியராவின் டைப் 9 பாக்ஸைப் போடுகிறார்கள், ஐந்தாம் கியர் 0.82. அதற்கு அடாப்டர் கிட் ரெடிமேடாகக் கிடைப்பதால் சுலபம். கிட் இல்லாத ஜிப்சி பாக்ஸ் என்றால் நானும் தயங்குவேன்.

கோவை ஹெரால்டு:
அண்ணே, பட்டறையில் டயல் கேஜ் பற்றிக் கேட்டேன். "கண்ணாலேயே பார்த்துடலாம் சார்" என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கூடுதல் பட்டையை எடுத்து, வளைவையும் குறைத்தாயிற்று. இப்போது தூக்குக் குண்டில் மேல் விளிம்பு 6 மில்லி உள்ளே. கழற்றும்போது பார்த்தால் இரண்டு ஆக்சில் கிராஸும் ஆட்டம், ரேடியஸ் ஆர்ம் புஷ் கல்லாகிக் கிடந்தது. எல்லாம் மாற்றியாயிற்று. கியர் பாக்ஸை இறக்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். சீட்டை எடுத்து, நடு மேட்டு மூடியைக் கழற்றினால் பாக்ஸ் காருக்கு உள்பக்கம் வழியாகவே வெளியே வருகிறது! லே ஷாஃப்ட் மேல் ஊசிகள் வரிவரியாகப் பள்ளம் போட்டிருந்தன. புது ஷாஃப்டும் பேரிங்கும் போட்டதும் ஊளை போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் போய் இறங்கினேன். வளைவுக்குள் காலை எடுக்கவில்லை, பின்பக்கம் எம்பவும் இல்லை. வீட்டம்மா கல்லாறு வரை கதவுக் கைப்பிடியை விடவில்லை, ஆனால் ஏறினார்.

80-ல் இன்னும் கத்துகிறது, 65-ல் போகிறேன். கவென்ட்ரி அண்ணா, அந்த ஸ்விங் ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும் இந்தியாவுக்கு அனுப்ப என்ன ஆகும், தனிச் செய்தியில் சொல்ல முடியுமா?

பழைய ஸ்டாண்டர்டு ஆள்:
அனுப்பும் வரை சும்மா இருக்காமல் முன் சக்கரத்து டிரனியன்களை (சக்கரம் திரும்ப உதவும் கீழ்ப்பக்கப் புரி மூட்டு) பாருங்கள் சார். கிரீஸ் அடித்து வைத்திருப்பார்கள். அதற்குக் கெட்டியான கியர் ஆயில்தான் போக வேண்டும், இபி 90. கிரீஸ் உள்ளே புரியில் ஏறாமல் காய்ந்துபோய், ஒருநாள் சக்கரம் தனியாகக் கையோடு வந்துவிடும்.

கோவை ஹெரால்டு:
கிரீஸ்தான் சார். போன மாதம் நானே அடித்தது. நாளைக்கே கழற்றுகிறேன்.