2018 தமிழ்ப் படப் பட்டியல்: முதல் மூன்று இடமும் முடிவாகுதில்லை

வணக்கம். 2018இல் வந்த தமிழ்ப் படங்களில் பிடித்த பத்தை வரிசைப்படுத்துகிறோம். வெள்ளவத்தையில் ஆறு பேர். நாலாம் இடம் தொடக்கம் சிக்கல் இல்லை. 'பரியேறும் பெருமாள்', '96', 'வட சென்னை' மூன்றிலும்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

ஆண்டுக்கான விதி: தியேட்டருக்கு வந்த திகதி. 'பேரன்பு' 2018 ஜனவரியில் ரொட்டர்டாம் விழாவில் காட்டப்பட்டாலும் தியேட்டருக்கு வந்தது 2019 பெப்ரவரியில்; மனமில்லாமல்தான் விட்டோம்.

முதலில் பத்துக்குப் புள்ளி போட்டுச் சராசரி எடுத்தோம். எல்லாம் எட்டு, எட்டரையில் குவிந்தது. 'மேற்குத் தொடர்ச்சி மலை' பார்த்தது இரண்டு பேர்தான், இருவரும் பத்துக் கொடுக்க அது முதலிடத்துக்கு ஏறிவிட்டது. அருமையான படம், ஆனால் அது ஆறு பேரின் முடிவு இல்லையே.

பிறகு முதலிடத்துக்கு 10, கடைசிக்கு 1 என்று இடப்புள்ளி. 'ராட்சசன்'ஐ எடுத்துவிட்டுக் கூட்டினால் மேலே உள்ள வரிசையே மாறுகிறது. அந்த முறையில் நம்பிக்கை போய்விட்டது.

கடைசியாகச் சோடி சோடியாக ஒப்பிட்டோம். பத்துப் படத்துக்கு 45 சோடி. 'பரியேறும் பெருமாள்' '96'ஐ 4–2 என்று வெல்கிறது, '96' 'வட சென்னை'யை 4–2, 'வட சென்னை' 'பரியேறும் பெருமாளை' 4–2. வட்டமாகச் சுற்றுகிறது. மூன்றையும் திரும்பப் பார்த்தும் ஒருவரும் வாக்கை மாற்றவில்லை. கூட்டு முதலிடம் வேண்டாம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று.

ஒரே அளவு வித்தியாசத்தில் இப்படிச் சுற்றும் மூன்று படங்களை, புதிதாக வாக்காளர் சேர்க்காமல், எந்த முறையில் பிரிக்கலாம்?