சிங்கப்பூர் கப்பல் பயணம் நின்றுபோனது: அப்பா அம்மாவை இங்கேயே எந்தக் கப்பலில் அழைத்துப்போகலாம்?

தென்காசி கணேஷ்:
வணக்கம். அப்பா அம்மாவின் நாற்பதாவது கல்யாண நாளுக்காக, சிங்கப்பூரில் கப்பலேறி நாலு ராத்திரி கடலில் போய்வர ஏற்பாடு செய்திருந்தேன். விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாகி எல்லாம் நின்றுவிட்டது. பதிவு செய்து கொடுத்தவர், பாதிப் பணம்தான் திரும்ப வரும் என்கிறார். பணத்தைவிட அப்பா முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது. தூத்துக்குடி துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவர். வேலை பார்த்த காலமெல்லாம் கப்பலைக் கரையிலிருந்தே பார்த்தவர், ஒரு கப்பலிலும் படுத்துத் தூங்கியதில்லை. ஜனவரி கடைசியில் எனக்கு ஒரு வாரம் லீவு. மைத்துனர், ஆலப்புழா ஹவுஸ்போட் போதும் என்கிறார். போதுமா? அம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏறி இறங்குவது சிரமம்.

புளியரை செல்வம்:
ஹவுஸ்போட்டே போங்க. வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கலாம், சமையல்காரர் கூடவே வருவார், கரிமீன் பொரித்துக் கொடுப்பார். பெரியவர்களுக்கு அலைச்சல் இல்லை. ஒரு விஷயம்: பல படகுகளில் ஏசி ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் போடுவார்கள். பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

செங்கோட்டை ராஜேஸ்வரி:
தம்பி, அப்பா கப்பலில் படுத்துத் தூங்கியதில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். செல்வம் சொன்னது அம்மாவுக்குப் பொருந்தும், அப்பாவுக்குப் பொருந்தாது. ஹவுஸ்போட் ராத்திரி ஓடாது. சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கே கரையோரம் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு காயல் (உப்பங்கழி) மீனுக்கு வலை போடுகிறவர்களுக்கு. கட்டிப்போட்ட படகில் படுப்பதும் ஓடுகிற கப்பலில் படுப்பதும் ஒன்றல்ல.

கடலில் ராத்திரி வேண்டுமானால் கொச்சியிலிருந்து லட்சத்தீவு போகும் கப்பலை முதலில் பாருங்கள். லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பான ஸ்போர்ட்ஸ், 'சமுத்திரம்' என்று ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. எம்.வி. கவரத்தி, எழுநூறு பேர் ஏறும் கப்பல். ராத்திரி முழுக்க ஓடும். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று ஒவ்வொரு தீவாக இறக்கிக் காட்டிவிட்டு சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொள்வார்கள். மொத்தம் ஐந்து நாள். இது ஆடம்பரக் கப்பல் இல்லை. தீவுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போய்வருகிற கப்பல். மூட்டை முடிச்சு, கைக்குழந்தை, அரிசிச் சாக்கு எல்லாம் கூடவே வரும். துறைமுகத்தில் இருந்தவருக்கு இதுதான் கப்பல் என்று நான் நினைக்கிறேன். மினிக்காயில் 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இருக்கிறது. சூரை மீனில் மாசிக் கருவாடு செய்யும் ஊர் அது. தூத்துக்குடிக்காரருக்கு மாசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா விஷயத்தை யோசித்துக்கொள்ளுங்கள். பவளத் திட்டு இருப்பதால் பெரிய கப்பல் பல தீவுகளில் கரையை ஒட்டி நிற்க முடியாது. தள்ளி நிறுத்தி, கப்பலின் விலாப்பக்கக் கதவைத் திறப்பார்கள். கீழே சின்னப் படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். படகு மேலே எழும்பும் நேரம் பார்த்து, இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் கையைப் பிடித்து இறக்கிவிடுவார்கள். அவர்கள் கை இரும்புப் பிடி, பயம் வேண்டாம். ஆனால் முழங்கால் மடங்கித்தான் ஆக வேண்டும். தீவில் இறங்காமல் அம்மா கப்பலிலேயே இருக்கலாமா என்று பதிவு செய்வதற்கு முன்பே கேளுங்கள். எல்லோருக்கும் நுழைவு அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும். இன்றே தொடங்குங்கள்.

கொல்லங்கோடு ஜஸ்டின்:
அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் என்ற சுற்றுலாக் கப்பல் 2021-லிருந்து மும்பையைத் தளமாக வைத்து ஓடுகிறது, கொச்சி, லட்சத்தீவுப் பக்கமும் வரும். 1990-இல் கட்டிய கப்பல், பதினோரு தளம், லிப்ட் உண்டு. அம்மாவுக்கு அது வசதி. எந்தத் தேதிக்கு எந்த ஊர் என்று அட்டவணை பார்த்துக்கொள்ளுங்கள், சீசனுக்குச் சீசன் மாறும்.

அப்புறம் பணம். விமான நிறுவனமே ரத்து செய்திருந்தால், மாற்று விமானம் அல்லது முழு டிக்கெட் பணம் தர வேண்டும் என்பது டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி. கப்பல் பணத்துக்குக் கப்பல் நிறுவனத்தின் ஒப்பந்தம் தனி. இரண்டையும் சேர்த்து 'பாதி' என்று சொன்னால் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

தென்காசி கணேஷ்:
ரொம்ப நன்றி அக்கா, ஜஸ்டின் அண்ணன். டிக்கெட் விவரத்தைப் பிரித்துக் கேட்டிருக்கிறேன். லட்சத்தீவைப் பற்றிச் சொன்னதும் அப்பா அட்லஸை எடுத்துவைத்துக்கொண்டார். இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

செங்கோட்டை ராஜேஸ்வரி:
கிடைக்காவிட்டால் பாலருவி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறுங்கள், விடிந்து கோட்டயத்தில் இறங்கலாம். எங்கள் ஊர் 1956 வரை திருவிதாங்கூரில் இருந்தது, அந்த வழி எங்களுக்கு இன்னமும் சொந்த வழிதான். கோட்டயத்திலிருந்து ஆலப்புழாவுக்குக் கேரள நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு போகிறது. சுமார் இரண்டரை மணி நேரம், டிக்கெட் பஸ் டிக்கெட் அளவுதான். கோட்டயம் பக்கத்து வாய்க்காலில் குறுக்கே சின்னத் தூக்குப் பாலங்கள் வரும். படகு நெருங்கும்போது கரையில் ஒருவர் கயிற்றை இழுப்பார், பாலம் மேலே போகும், படகு நுழைந்து போகும், அதுவரை சைக்கிள்காரர் காத்து நிற்பார். அப்புறம் வாய்க்கால் முடிந்து வேம்பநாட்டுக் காயல் விரியும். வரப்புக்கு அந்தப் பக்கம் வயல் படகைவிடத் தாழ்ந்து கிடக்கும். கடல் மட்டத்துக்குக் கீழே நெல் விளைகிற குட்டநாடு அது. பாலம் பழுதானால் இந்தத் தடத்தை நிறுத்திவிடுவார்கள், கிளம்புமுன் போன் செய்து கேளுங்கள்.

கொச்சி வாட்டர் மெட்ரோ அம்மாவுக்காகவே செய்ததுபோல இருக்கும். 2023 ஏப்ரலில் தொடங்கியது, பேட்டரியில் ஓடுகிற படகு, கட்டணம் இருபது ரூபாயிலிருந்து. படகுத்துறை தண்ணீரிலேயே மிதப்பதால் தண்ணீர் ஏறினாலும் வற்றினாலும் படகுத் தளமும் துறையும் ஒரே மட்டத்தில் இருக்கும். சக்கர நாற்காலியோடு உள்ளே போகலாம்.

எந்தப் படகானாலும் ஒன்று. லைப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள், இருக்கைக்கு அடியில் இருந்தால் பயனில்லை. 2009-இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023-இல் தானூரில் 22 பேர், அந்தப் படகு இருட்டிய பிறகு அளவுக்கு மீறி ஆளேற்றிப் போனது. மேல்தளத்துக் கூட்டம் படம் எடுக்க ஒரே பக்கம் சாய்ந்தால் படகு கவிழும். கூட்டமாக இருந்தால் இறங்கிவிடுங்கள், அடுத்த படகு வரும். சாயங்காலத்துக்கு மேல் தனியார் படகில் ஏறவே ஏறாதீர்கள், யார் கூப்பிட்டாலும் சரி.

தென்காசி கணேஷ்:
சரி அக்கா. ஸ்போர்ட்ஸின் கொச்சி அலுவலகத்தில் பேசினேன். அனுமதிக்கு ஆதார் நகலும் போட்டோவும் கேட்டிருக்கிறார்கள், நாளை அனுப்புகிறேன். அம்மா கப்பலைவிட்டு இறங்கமாட்டாளாம். மேல்தளத்தில் நாற்காலி போட்டுத் தந்தால் போதும் என்கிறாள்.