சர்க்கரை வியாதிக்குக் காற்றா, சோறா? தில்லித் தமிழர்கள் பேசுங்கள்

முனிர்கா மணி:
"தில்லிக் காற்றுதான் சர்க்கரைக்குக் காரணம், சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள்" என்று ஒருவர் காலையில் எழுதியிருக்கிறார். அடேயப்பா! மூன்று வேளையும் சோற்றை வெட்டிவிட்டுக் காற்றின் மேல் பழியா?

கரோல்பாக்காரன்:
அந்த ஒருவர் நான்தான். தில்லியிலும் சென்னையிலும் 12,000 பேருக்கு மேல் 2010 முதல் 2017 வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு 2023இல் வந்தது. காற்றில் மிதக்கும் பிஎம் 2.5 என்ற நுண்துகளின் ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஏறினால் சர்க்கரை வரும் ஆபத்து 22 சதவீதம் கூடுகிறது. படித்துவிட்டு வாருங்கள்.

முனிர்கா மணி:
அப்படியானால் எங்கள் காலனியில் நூற்றுக்கு 22 பேர் காற்றாலேயே படுத்திருக்க வேண்டுமே. எங்கே அந்த 22 பேர்?

கரோல்பாக்காரன்:
நூற்றுக்கு 22 பேர் என்று எவன் சொன்னான்? ஏற்கெனவே இருக்கும் ஆபத்து எவ்வளவோ, அதில் 22 சதவீதம் கூடுதல். பத்தாம் வகுப்புக் கணக்கு சார்.

மயூர்விஹார் மாமி:
துகள் நுரையீரலோடு நிற்காது, உடம்பில் அழற்சியைக் கிளப்பி இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது என்கிறார்கள். சரி. ஆனால் ஓட்டலில் கொதிக்கிற சாம்பாரை பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி, மூடி உப்பிப்போய் வீட்டுக்கு வருகிறதே, அந்த பிளாஸ்டிக்கிலிருந்து இறங்கும் பிஸ்பீனால் என்ற ரசாயனம் பற்றி யாருக்கும் கவலையில்லையா?

ஆர்கேபுரம் ரகு:
மாமி, அது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் டப்பா. அதில் பிஸ்பீனால் கிடையாது.

மயூர்விஹார் மாமி:
நீ பார்த்தாயா? மூடியிலேயே சாம்பார் வாசனை ஊறிப்போகிறது!

முனிர்கா மணி:
டப்பாவுக்குத் தனிப் பதிவு போடுங்கள் மாமி. 22க்கு இன்னும் பதில் வரவில்லை. அப்புறம், 2023இல் வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி கோவாவில் 26.4 சதவீதம், கேரளத்தில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை. தில்லி அதற்குக் கீழே. கோவா கடற்கரையில் என்ன, வைக்கோலா எரிக்கிறார்கள்?

கரோல்பாக்காரன்:
கோவாவை நான் இழுக்கவேயில்லை. அந்தத் துகளின் ஆண்டுச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு 5 மைக்ரோகிராம், நம் நாட்டு வரம்பு 40. தில்லி அதையும் எப்போதோ தாண்டியாயிற்று. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஆர்கேபுரம் ரகு:
மணி அண்ணா போன தீபாவளிக்கு ஏர் பியூரிஃபயர் வாங்கி, ஃபில்டர் கரிச்சட்டி மாதிரி ஆன படத்தை இங்கேதான் போட்டார். காற்றில் ஒன்றுமில்லை என்றால் அது எதற்காம்?

முனிர்கா மணி:
அது வீட்டம்மாவின் ஆஸ்துமாவுக்கு. பொங்கல் விழாக் கணக்கு கேட்டதிலிருந்து உனக்கு என் மேல் கடுப்பு தம்பி.

ஆர்கேபுரம் ரகு:
கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியாயிற்று. கண்ணாடி போட்டுப் பாருங்கள்.

முனிர்கா மணி:
கரும்பு, வாழையிலை, ‘இதர செலவு’. அந்த இதரம் என்ன? கரோல்பாக் சார், நழுவாதீர்கள், 22 பேர் பட்டியல் வரட்டும்.

கரோல்பாக்காரன்:
பேர் இல்லை, சதவீதம்! சதவீதம்!