முதல் டிரெய்லர் வேலை: தனி உரிமையாளரிடமா, பெரிய நிறுவனத்திலா?

கேள்வி – கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், முட்டைக்கோஸ் ஏற்றிப் பிக்கப் ஓட்டி வருகிறேன். கனரக வாகன உரிமம் இப்போதுதான் கைக்கு வந்தது. இரும்பும் இயந்திரங்களும் ஏற்றும் திறந்த தட்டு டிரெய்லர் ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். மேட்டுப்பாளையத்தில் ஒரே ஒரு டிரெய்லர் வைத்திருப்பவர், வாடகையில் ஒரு பங்கும் டீசலில் மிச்சமாகும் தொகையும் எனக்கே என்று சொல்லி, உடனே தனியாக வண்டியைக் கொடுக்கத் தயாராக இருக்கிறார். சங்ககிரியில் உள்ள ஒரு நிறுவனமோ ஆறு மாதம் மூத்த ஓட்டுநருடன் இரண்டாவது ஓட்டுநராக வரச் சொல்கிறது. சம்பளமும் பேட்டாவும் குறைவு. வீட்டில் கடன் இருப்பதால் மனம் முதல் இடத்தை நோக்கியே போகிறது. எதையெல்லாம் விசாரித்து முடிவெடுக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் – குன்னூர்

தம்பி, குஞ்சப்பனை வழியாக லோடுடன் இறங்கிப் பழகிய உங்களுக்கு, ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் டிரெய்லரில் ஓட்டுவது பாதி வேலைதான். மறுபாதி லோடு கட்டுவது. அதை எந்த ஓட்டுநர் பள்ளியும் கற்றுத்தருவதில்லை.

20 டன் இரும்புச் சுருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு எடை தானாகவே அசையாமல் இருக்கும் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். அழுத்திப் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கும், சுருள் நிற்காது. எடையில் 80 விழுக்காடு விசையை முன்பக்கமாகவும் 50 விழுக்காட்டைப் பக்கவாட்டிலும் தாங்கும்படி கட்ட வேண்டும் என்பது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பின்பற்றும் கணக்கு. அப்படியானால் அந்தச் சுருளுக்கு முன்பக்கம் மட்டும் 16 டன் இழுப்பைச் சங்கிலியும் முட்டுக்கட்டையும் சேர்ந்து தாங்கியாக வேண்டும். தாங்காவிட்டால் அது வந்து நிற்கும் இடம் ஓட்டுநரின் கேபின்தான். கட்டை விலகாதபடி அடிப்பது, சுருளின் துளைக்குள் சங்கிலியை நுழைத்து எதிரெதிர்த் திசையில் இழுப்பது, கூரிய விளிம்பில் பெல்ட் அறுபடாமல் ரப்பர் துண்டு வைப்பது, கொஞ்ச தூரம் ஓடியதும் ஓரங்கட்டி மறுபடி இறுக்குவது என்று ஒவ்வொன்றையும் மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று, நம் கையாலேயே செய்ய வைத்தால்தான் பழகும். கட்டை அமுங்கினால் சங்கிலி தளரும் என்பதைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

டீசல் மிச்சம் உங்களுக்கே என்ற பேச்சுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. தருமபுரி – சேலம் சாலையில் தொப்பூர் இறக்கத்தில் நடந்த லாரி விபத்துகள் எத்தனையோ. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவதும் அங்கே ஒரு காரணம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. நியூட்ரலில் எஞ்சினின் பிடிப்பு முழுவதும் போய்விடும், பாரமெல்லாம் பிரேக்கின் மேல் விழும், பிரேக் சூடேறினால் பிடிக்காது. இத்தனைக்கும் இன்றைய எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே டீசல் பாய்வது நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடுவதற்குக் கொஞ்சம் டீசல் செலவாகிறது. புதிய ஓட்டுநரின் வருமானத்தை இப்படி டீசலோடு முடிச்சுப் போடும் இடத்தில் முதல் வேலைக்குச் சேராதீர்கள். சங்ககிரிக்கே போங்கள்.

பதில் – கூடலூர்

கடன் இருப்பவரிடம் சம்பளத்தைப் பார்க்காதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அதிக பாரம் பிடிபட்டால் அபராதம் யார் கட்டுவது என்பதை இரண்டு இடத்திலும் கேளுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். பணத்தை முதலாளி கட்டினாலும் உரிமம் முடக்கப்படுவது நமக்குத்தான். எடைச்சீட்டைப் பார்த்துவிட்டு, இந்த லோடை எடுக்க மாட்டேன் என்று சொன்னால் வேலை போகுமா போகாதா என்பதை அங்கே ஓட்டும் ஓட்டுநர்களிடமே விசாரியுங்கள்.

நேரக் கணக்கையும் பாருங்கள். முதுமலை, பந்திப்பூர் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை லாரிகளுக்கு அனுமதி இல்லை. நான் முன்பு வேலை பார்த்த ஒருவர் அது தெரிந்தும் மைசூரில் மாலையில்தான் லோடு ஏற்றி விட்டு, 9 மணிக்குள் சாவடியைத் தாண்டிவிடு என்று போனில் விரட்டிக்கொண்டே இருப்பார். அவரிடம் நான் நிலைக்கவில்லை. இன்னொன்று: உத்தரவாதம் என்று அசல் உரிமத்தைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. சங்ககிரிக்குப் போவதாக ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். அண்ணன்மார்களே, இரண்டாவது ஓட்டுநர் என்று சேர்த்துக்கொண்டு ஆறு மாதமும் கிளீனர் வேலையே வாங்கிவிடுவார்களோ என்ற அச்சம் மட்டும் இருக்கிறது.

பதில் – மேட்டுப்பாளையம், லாரி அலுவலகம்

அந்த அச்சம் நியாயமானதே. சேருவதற்கு முன் ஒருநாள் அவர்கள் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய், லோடு இறக்கித் திரும்பிய டிரெய்லர் ஒன்றைப் பாருங்கள். பெல்ட் நைந்திருக்கிறதா, கொக்கி வாய் திறந்திருக்கிறதா, பின் டயர்கள் வழுவழுத்துப் போயிருக்கின்றனவா என்பவை முதலாளி சொல்லாததைச் சொல்லும். ஏற்கெனவே இரண்டாவது ஓட்டுநராக இருக்கும் ஒருவரைத் தனியே அழைத்து, ஸ்டீயரிங்கை எப்போது கொடுத்தார்கள் என்று கேளுங்கள்.

சம்பளத்தையும் பேட்டாவையும், ஆறு மாதம் முடிந்ததும் என்ன தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனமாக இருந்தால் வருங்கால வைப்பு நிதி பிடித்தம் உண்டு. அதையும் கேட்பதில் தவறில்லை. சுருள், குழாய், தகடு, இயந்திரம் என நான்கு வகை லோடும் கட்டப் பழக வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள். மூன்று மாதமாகியும் ஒரே வகைதான் வருகிறது என்றால், வேறு மூத்தவரின் வண்டிக்கு மாற்றச் சொல்லுங்கள். நல்ல நிறுவனம் மறுக்காது.